காணி உறுதியில் ஒரு பெண்வழி

உங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கும் பிறப்புச் சான்றிதழை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். எங்கள் வயதுப் பிள்ளைகளிடம் இருக்கும் பழைய படிவத்தில் தந்தையின் விபரம் இருக்கும், தாயின் விபரம் இருக்கும். அதற்குக் கீழே பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் என்பவற்றை எழுத ஒரு கூடு இருக்கும். சிலவேளை பூட்டனாருக்கும் ஒரு கூடு. பாட்டிக்குக் கூடு இல்லை. பூட்டியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

படிவம் அப்படி என்றால் எங்கள் நினைவும் அப்படித்தான். வாப்பாவின் வாப்பாவின் வாப்பா யார், எந்தத் தெருவில் கடை வைத்திருந்தார் என்று வீட்டில் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். உம்மாவின் உம்மாவின் உம்மாவுக்குப் பெயர் என்ன என்று கேட்டால் ஒரு கணம் அமைதி. பிறகு "கண்டும்மாவோ என்னவோ" என்று பதில் வரும். ஊர் வரலாறு சொல்லும் நூல்களைப் புரட்டினாலும் இதே கதைதான். விதானையார், முதலியார், தலைமையாசிரியர், வர்த்தகர் என்று ஆண்கள் வரிசையாக வருவார்கள். பெண்கள் வந்தால் யாரோ ஒருவரின் மனைவியாக வருவார்கள்.

அதனால் பெண்களுக்கு வரலாறே எழுதப்படவில்லை என்று சொல்லிவிட்டுப் போவது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. நான் அதை ஏற்கவில்லை. எழுதப்பட்டிருக்கிறது. நாங்கள் வாசிக்காத ஓர் இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அந்த இடம் காணி உறுதி.

இதை நான் ஒரு புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, எழுவைதீவில் பிறந்த ஓர் அம்மம்மா இருக்கிறார். கத்தோலிக்கர். பிள்ளைகள் எல்லாரும் வெளிநாட்டில். 2025 மார்ச் 28 ஆம் திகதி வெளியான ஒரு வர்த்தமானி அறிவித்தல் வடக்கிலே பெரும் பதற்றத்தை உண்டாக்கியது பலருக்கு நினைவிருக்கும். வட மாகாணத்தில் 5,940 ஏக்கர் காணியைக் குறிப்பிட்டு, உரிமை கோருபவர்கள் மூன்று மாதத்துக்குள் உரிமையைக் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் அரச காணியாகும் என்றது அந்த அறிவித்தல். எதிர்ப்பு எழுந்து, உயர் நீதிமன்றம் வரை போய், பின்னர் அது மீளப்பெறப்பட்டது. ஆனால் அந்த மூன்று மாதத்தில் யாழ்ப்பாணத்தில் எத்தனை வீட்டில் பெட்டிகள் திறக்கப்பட்டிருக்கும்! அம்மம்மாவும் தன் தகரப் பெட்டியைத் திறந்தார். அவருடைய காணி அந்த அறிவித்தலில் வருகிறதா இல்லையா என்றுகூட அவருக்குத் தெரியாது. கண் பார்வை குறைவு. "பிள்ளை, ஒருக்கா வாசிச்சுச் சொல்லு. எங்கட அம்மாவுக்கு அவவின்ர அம்மா குடுத்த காணி. எழுத்து விளங்குதோ பார்" என்று கூப்பிட்டார்.

எழுவைதீவைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊர்காவற்றுறையிலிருந்து படகில் போகும் சிறிய தீவு. அனலைதீவுக்கு அயல். ஊர்காவற்றுறைப் பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்தது. பனையும் மீன்பிடியும் அதன் சீவியம். சைவர்களும் கத்தோலிக்கர்களும் வாழும் ஊர். நயினாதீவு, நெடுந்தீவு போல யாத்திரைக்கும் சுற்றுலாவுக்கும் பெயர் போனதல்ல. அதனால் அதைப் பற்றி எழுதப்பட்டதும் குறைவு.

அம்மம்மாவின் பெட்டியில் இருந்தது சீதன உறுதி. மஞ்சளாகி மடிப்பில் கிழிந்த தாள்கள். ஒரு வசனம் ஒன்றரைப் பக்கம் ஓடுகிறது. முற்றுப்புள்ளி எங்கே என்று தேட வேண்டியிருந்தது. மூன்றாம் முறை வாசித்தபோதுதான் அந்த வசனத்தின் எலும்புக்கூடு பிடிபட்டது. இன்னாரின் மகள் இன்னாராகிய நான், எனக்கு என் தாயார் இன்ன இலக்க உறுதி மூலம் சீதனமாகத் தந்ததும், அவருக்கு அவருடைய தாயார் இன்ன இலக்க உறுதி மூலம் தந்ததும், இன்றுவரை எங்கள் ஆட்சியில் இருப்பதுமான இன்ன பெயருடைய காணியில் இத்தனை பரப்பையும், அதிலுள்ள பனை, வடலி, கிணற்றில் பங்கு, வழிவாய்க்கால் ஆகியவற்றையும் என் மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கிறேன். இவ்வளவுதான். ஆனால் ஒரே வசனத்துக்குள் நான்கு தலைமுறைப் பெண்கள்! கொடுப்பவர், அவருடைய தாய், தாயின் தாய், வாங்கும் மகள். கணவன்மாரின் பெயர்களும் இருக்கின்றன. அவர்கள் சம்மதம் தெரிவிக்க வருகிறார்கள், கையொப்பம் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

அதைவிட என்னை நிறுத்தியது எல்லைப் பகுதி. யாழ்ப்பாணத்து உறுதிகளில் காணியின் நான்கு எல்லையையும் அயல் காணிக்காரரின் பெயரால் சொல்வது வழக்கம். கிழக்கு ஒழுங்கை, வடக்கு இன்னாரின் மகள் இன்னார், மேற்கு இன்னாரின் பெண்சாதி இன்னார், தெற்கு இன்னார் பங்காளிகள் என்று போகும். சாதாரணமாக வாசிப்பவர் இந்த இடத்தைத் தாண்டிவிடுவார். நான் அம்மம்மாவிடம் வடக்கு எல்லையில் இருக்கும் பெண் யார் என்று கேட்டேன். "அது எங்கட பெரியம்மா." மேற்கு? "அது சின்னம்மாவின்ர. அவ பிள்ளையில்லாமல் மோசம் போனவ. பிறகு அது பெரியம்மாவின்ர மகளுக்குப் போனது." தெற்கில் இருந்த பங்காளிகள் அம்மம்மாவின் தாயுடைய பெரியம்மா, சின்னம்மாவின் பிள்ளைகள். ஒரு பெரிய வளவை ஒரு தாய் தன் பெண்பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறாள். அந்தப் பெண்பிள்ளைகள் தங்கள் பெண்பிள்ளைகளுக்குப் பிரிக்கிறார்கள். ஆகவே அக்காவின் வேலிக்கு அடுத்த வேலி தங்கையுடையதாக இருக்கிறது. உறுதியில் உள்ள எல்லையை ஒரு வெள்ளைத் தாளில் கோடு போட்டுக் கீறினால், அது காணிப் படமாகவும் இருக்கிறது, குடும்ப மரமாகவும் இருக்கிறது. நான் கீறினேன். அம்மம்மா அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

இது எழுவைதீவுக்கு மட்டும் உரிய அதிசயமல்ல. இதற்குக் காரணம் தேசவழமை. யாழ்ப்பாணத் தமிழரின் இந்த வழக்காற்றை ஒல்லாந்தர் காலத்தில் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து 1707 இல் கொடுத்தார். ஜான் பிரஸ் என்பவர் அதைத் தமிழாக்கினார். பன்னிரண்டு முதலிமார் வாசித்துப் பார்த்துச் சரி என்றார்கள். பின்னர் ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதி மூலம் அதற்குச் சட்ட வலுக் கொடுத்தார்கள். பன்னிரண்டு பேரும் ஆண்கள் என்பதைச் சொல்லாமல் போக மனமில்லை. பெண்களின் சொத்தைப் பற்றி இவ்வளவு எழுதிய ஒரு சட்டத்துக்கு ஒரு பெண்ணிடமாவது அபிப்பிராயம் கேட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

அந்தப் பழைய தொகுப்பின்படி சொத்து மூன்று வகை. முன்னோர் வழி வந்தது முதுசொம். பெண்ணுக்குக் கொடுத்தது சீதனம். கணவனும் மனைவியும் சேர்ந்து தேடியது தேடியதேட்டம். தகப்பனின் முதுசொம் ஆண்பிள்ளைகளுக்கும் தாயின் சீதனம் பெண்பிள்ளைகளுக்கும் போவது அடிப்படை முறை. சீதனம் பெற்ற பெண் பிள்ளையில்லாமல் இறந்தால் அது அவளுடைய சகோதரிகளின் பக்கம் திரும்பும். சின்னம்மாவின் காணி பெரியம்மாவின் மகளுக்குப் போன கதை இதுதான்.

சீதனத்தைப் புகழ வந்திருக்கிறாள் என்று எவரும் நினைக்க வேண்டாம். சீதனம் எத்தனை வீட்டைக் கடனில் தள்ளியது, எத்தனை அக்காமாரை வீட்டிலேயே இருத்திவைத்தது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். அதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமை கட்டளைச் சட்டத்தின்படி, தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் பெயரில் உள்ள காணியைக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. கணவன் நியாயமில்லாமல் மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்திடம் போக வேண்டும். நூறு வருடம் கடந்த பிறகும் இந்த நிலை தொடர்கிறது. காணி அவளுடையது, பேனா அவருடையது. உறுதியில் பெண் பெயர் இருப்பதால் பெண்ணிடம் அதிகாரம் இருந்தது என்று சொல்ல முடியாது. பெயர் இருந்தது என்றுதான் சொல்லலாம். ஆனால் பெயரே இல்லாத இடத்தில் தேடுகிறவளுக்கு அது சின்ன விஷயம் அல்ல.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. இந்த வழியில் தேடினால் கிடைப்பது காணி இருந்த பெண்கள் மாத்திரமே. தேசவழமைத் தொகுப்பில் அடிமைகளைப் பற்றியும் ஒரு பகுதி இருக்கிறது. காணியும் நகையும் கொடுப்பது போல மனிதரையும் சீதனமாக எழுதிக் கொடுத்த காலம் அது. 1844 இல்தான் இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி முற்றாக ஒழிந்தது. ஒரு பெண் சீதனம் வாங்குபவளாக அந்த ஏட்டில் இருக்கும்போது, இன்னொரு பெண் சீதனமாகவே இருந்திருக்கிறாள். அவளுடைய பேத்திகள் எந்த உறுதியில் தங்கள் பூட்டியைத் தேடுவார்கள்? அவர்களுக்கு வேறு வழிகள் தேட வேண்டும். வாய்மொழிக் கதை, ஒப்பாரி, கோவில் பதிவு என்று. இந்தக் கட்டுரை அந்த வேலையைச் செய்யவில்லை.

அம்மம்மாவின் பெட்டிக்கு அப்பால் எவ்வளவு தூரம் போகலாம் என்று எங்கள் வரலாற்று ஆசிரியையைக் கேட்டேன், வாசித்தும் பார்த்தேன். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காணிக் கைமாற்றம் நொத்தாரிசின் முன் எழுத்தில் நடக்க வேண்டும் என்றது. ஆகவே ஏறத்தாழ நூற்றெண்பது வருடத்து நொத்தாரிசு உறுதிகள் ஒரு தொடர் சங்கிலி. ஓர் உறுதியில் முந்திய உறுதியின் இலக்கம் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு காணிப் பதிவகத்துக்குப் போனால், அங்கே தொகுதி எண், தாள் எண் படி அந்தக் காணிக்கு நடந்த எல்லாம் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கும். விற்பனை, ஈடு, நன்கொடை, சீதனம் எல்லாம். பிறப்பு, இறப்புப் பதிவுக்கான சட்டம் 1867 இல் வந்தது. அதற்கு முந்திய காலத்துக்குக் கத்தோலிக்கக் குடும்பம் என்றால் பங்குக் கோவிலின் ஞானஸ்நானப் பதிவேடு உதவும். அதில் பிள்ளையின் தாய் பெயரும் ஞானத்தாயின் பெயரும் எழுதப்படும். ஞானத்தாய் பெரும்பாலும் உறவுக்காரப் பெண்ணாகவே இருப்பார். அங்கேயும் ஒரு பெண்வழி ஓடுகிறது.

அதற்கும் பின்னால் போனால் தோம்பு. ஒல்லாந்தர் வரி அறவிடவும் ஊழியம் வாங்கவும் காணியையும் குடும்பத்தையும் ஊர் ஊராக எழுதிய பதிவேடுகள் அவை. இலங்கையில் எஞ்சிய தோம்புகள் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. ஒல்லாந்த மொழியில், பழைய கையெழுத்தில். எங்களால் நேரே வாசிக்க முடியாது. ஆனால் 1697 இல் யாழ்ப்பாணத்துக் கொமாண்டராக இருந்த சுவார்தக்ரூன் எழுதிவைத்த குறிப்பேடு, தோம்பு எழுதும் வேலையைப் பற்றியும் பேசுகிறது. அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் சோபியா பீட்டர்ஸ் என்ற பெண். 1911 இல் கொழும்பில் அச்சானது. பெண்ணின் காணிக்குக் கணவனின் சம்மதம் வேண்டும் என்று சட்டம் வந்த அதே வருடம், ஒல்லாந்தரின் ஆவணத்தை வாசித்து உலகத்துக்குச் சொன்னவரும் ஒரு பெண்! இதைக் கண்டபோது நான் தனியே இருந்து சிரித்தேன்.

ஒல்லாந்தர் காலத்தில் காணி விற்பதென்றால் தொடர்ந்து மூன்று ஞாயிறு தேவாலயத்தில் அறிவிக்க வேண்டும் என்று தேசவழமை சொல்கிறது. பங்காளிகள், உறவினர் முதலில் வாங்கும் உரிமையைக் கோருவதற்காக. அந்த முற்கொள்வனவு உரிமை 1947 இல் தனிச் சட்டமாகி இன்றும் இருக்கிறது. சீதனமும் முதுசொமும் முஸ்லிம்களாகிய எங்களைக் கட்டுப்படுத்தாது, எங்களுக்கு வேறு சட்டம். ஆனால் இந்த முற்கொள்வனவு விதி ஆளைப் பார்ப்பதில்லை, வட மாகாணக் காணியைப் பார்க்கிறது. அந்த அளவுக்கு நாங்களும் தேசவழமையின் வேலிக்குள்தான் நிற்கிறோம்.

இனி எங்கள் கதை. 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ் நகர முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் ஓரிரு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். வடக்கு முழுவதிலும் ஏறத்தாழ 75,000 பேர். என் உம்மம்மா புத்தளத்துக்குப் போனபோது கையில் இருந்தது ஒரு பிள்ளையும் ஒரு துணிப் பையும். வீட்டு உறுதி அலுமாரியில் கிடந்தது. அந்த வீடு உம்மம்மாவின் உம்மா தன் மகளுக்கு நன்கொடையாக எழுதிக் கொடுத்தது. எங்களவர்களிலும் மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் எவ்வளவு ஆழமானது என்பது கிழக்கிலங்கைக்குப் போனால் இன்னும் நன்றாகத் தெரியும். அதே 1990, 1991 ஆம் ஆண்டுகளில்தான் தீவகத்து மக்களும் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தார்கள். எழுவைதீவு அம்மம்மாவின் பெட்டி அவருடைய தலையில் ஏறிப் படகுக்கு வந்தது. உம்மம்மாவின் அலுமாரி அங்கேயே நின்றது. இரண்டு பெண்களுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

அலுமாரி போனால் எல்லாம் போய்விட்டதா? இல்லை. இதைத்தான் எங்கள் தாய்மார் எல்லாரும் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஓர் உறுதி முடிக்கும்போது பிரதி மூன்று இடத்தில் இருக்கும். ஒன்று காணிக்காரர் கையில். ஒன்று நொத்தாரிசிடம். மற்றொன்றை நொத்தாரிசு அடுத்த மாதமே காணிப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகிய மூன்றும் தெரிந்தால் உறுதிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். உம்மம்மாவுக்கு நொத்தாரிசின் பெயர் நினைவிருந்தது. கலியாணத்துக்கு முந்திய மாதம் என்பதும் நினைவிருந்தது. அது போதுமாக இருந்தது. பல நாள் அலைந்து பிரதி கிடைத்தது. ஆனால் அதை எடுக்க அலைந்தவர்கள் மாமாமார். உறுதியில் உள்ள பெயர் உம்மம்மாவுடையது, அந்தத் தாளை உம்மம்மா வாசித்ததில்லை. வாசிக்கத் தெரியாமல் அல்ல, குர்ஆனும் பத்திரிகையும் தினமும் வாசிக்கிறவர். அது ஆம்பிளைகளின் வேலை என்று விட்டுவிட்டார்.

ஒருவர் மற்றவரின் காணியில் பத்து வருடம் தடையில்லாமல் இருந்தால் உரிமை கோரலாம் என்பது ஆட்சியுரிமைச் சட்டம். போரால் காணிக்குப் போக முடியாதிருந்தவர்களுக்காக 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சிறப்புச் சட்டம் ஒன்று வந்தது. அதன்கீழ் வழக்கு வைக்க இரண்டு வருட அவகாசம்தான் இருந்தது. அந்தச் சட்டம் வந்ததும் போனதும் எத்தனை வீட்டுப் பெண்களுக்குத் தெரியும்? தங்கள் பெயரில் உள்ள காணிக்காக வந்த சட்டம் அது.

"காணிப் பேச்சு பெண்பிள்ளைகளுக்கு எதற்கு, சண்டைதான் வரும்" என்று என் உறவினர் ஒருவர் சொன்னார். சண்டை உறுதியை வாசிப்பதால் வருவதில்லை. வாசிக்காமல் கையொப்பம் வைப்பதால் வருகிறது. நொத்தாரிசு உறுதியின் கடைசியில், இது சம்பந்தப்பட்டவருக்கு வாசித்து விளங்கப்படுத்தப்பட்டது என்று அத்தாட்சி எழுதுகிறார். விளங்கியதா என்று யார் பார்த்தது?

சூறா அந்நிஸாவின் 7 ஆம் வசனம், பெற்றோரும் உறவினரும் விட்டுச் சென்றதில் ஆண்களுக்குப் பங்கு இருப்பது போல் பெண்களுக்கும் பங்கு உண்டு, அது கொஞ்சமானாலும் கூடவானாலும் சரி என்கிறது. 1931 ஆம் ஆண்டின் முஸ்லிம் வழியுரிமைக் கட்டளைச் சட்டமும் மார்க்க முறைப்படியே பங்கைத் தருகிறது. எங்கள் பெண் தன் காணியை விற்க எவருடைய சம்மதமும் தேவையில்லை. இந்த விஷயத்தில் அம்மம்மாவைவிட உம்மம்மா சுதந்திரமானவர். ஆனாலும் "நானா பாவம், விட்டுக் கொடு" என்ற ஒரு வார்த்தையில் எத்தனை பங்கு கரைந்து போகிறது. விட்டுக் கொடுப்பது நல்ல குணம். எவ்வளவு என்று தெரிந்த பிறகு விட்டுக் கொடுத்தால்தான் அது கொடை.

பெற்றோரிடம் இன்னொன்று. 1951 ஆம் ஆண்டின் எங்கள் விவாகச் சட்டத்தில் மஹர் எவ்வளவு என்று எழுத இடம் உண்டு. மணமகன் கையொப்பமிடுகிறார், வலி கையொப்பமிடுகிறார். மணமகளின் கையொப்பம் கட்டாயமில்லை. நூறு வருடம் கழித்து என் பேத்தியின் பேத்தி என்னைத் தேடினால் என் கலியாணப் பதிவில் என் பெயரைக் காண்பாள், என் எழுத்தைக் காணமாட்டாள். எழுவைதீவு அம்மம்மாவின் பூட்டி எழுதத் தெரியாதவர். உறுதியின் அடியில் ஒரு புள்ளடி கீறி, அதைச் சுற்றி அவருடைய பெயரை வேறொருவர் எழுதியிருக்கிறார். அந்தப் புள்ளடி கொஞ்சம் சரிந்து, மை கூடி, தாளை அழுத்திக் கிடக்கிறது. அதை விரலால் தடவிப் பார்க்கலாம். உயர்தரம் படிக்கும் எங்களுக்கு அந்தப் புள்ளடி அளவு இடமாவது வேண்டாமா?

வரும் தவணை விடுமுறையில் ஒவ்வொருவரும் வீட்டு உறுதியை உம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து ஒருமுறை வாசியுங்கள். உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர், தொகுதி எண், தாள் எண், காணியின் பெயர், நான்கு எல்லை. இவற்றை ஒரு கொப்பியில் எழுதி, அந்தக் கொப்பியை உறுதி இருக்கும் அலுமாரியில் வைக்காமல் வேறோர் இடத்தில் வையுங்கள். எல்லையில் பெண் பெயர் வந்தால் அவர் யார் என்று உம்மம்மாவிடம் கேளுங்கள். உம்மம்மாமார் இருக்கும்போதே கேளுங்கள். எழுவைதீவு அம்மம்மா அடுத்த மாதம் கனடாவில் இருக்கும் மகளுக்கு உறுதி முடிக்கப் போகிறார். தன் பூட்டியின் பெயரையும் அதில் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறார். சட்டத்துக்கு அது தேவையில்லை என்று நொத்தாரிசு சொன்னாராம். "தேவையில்லாட்டிலும் எழுதும் தம்பி. கூடக் காசு எண்டால் தாறன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.